பாதி மார்க்கு

2018 மார்ச்சில் பெரியக்கா பிளஸ் டூ எழுதி எடுத்தது 1200-க்கு 1020. அடுத்த வருஷமே மொத்தம் 600 ஆகிவிட்டது. சின்னக்கா எடுத்தது 522. "பெரியவ எடுத்ததுல பாதிதானா?" என்றது எங்கள் குத்தாலம் தெரு. "இந்த மார்க்குக்குக் காலேஜ் ஒரு கேடா?" என்று பெரியப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். சின்னக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. சதவீதக் கணக்கு புதுசாகப் பழகிய நேரம்! "அப்பா, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்னு பாக்குறாங்களே, பத்து மூட்டைக்கு ஒண்ணு, நூறு மூட்டைக்கு ஒண்ணா?" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான்டா."

காலண்டர் தாளின் பின்புறம் போட்டுக் காட்டினேன். 1020-ஐ 1200-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 85. 522-ஐ 600-ஆல் வகுத்துப் பெருக்கினால் 87.

இதை வைத்துச் சின்னக்காதான் கெட்டிக்காரி என்றும் சொல்லிவிட முடியாது, நண்பர்களே. புது முறையில் கணக்குப் பாடத்தில் 10 மதிப்பெண் அகமதிப்பீடு. பெரியக்கா 200-க்கும் எழுதியே வாங்க வேண்டியிருந்தது. (இதைச் சொல்லாவிட்டால் பெரியக்கா விடமாட்டாள்!) ஆனால் பாதி இல்லை, அது நிச்சயம்.

மறுநாள் அப்பா மயிலாடுதுறை போய் விண்ணப்பம் வாங்கி வந்தார். பெரியப்பாவிடம், "ரெண்டுமே நல்லாக் காஞ்ச நெல்லுதாண்ணே" என்றார்.