ரன்-ஆன்

அமெரிக்காவில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பரீட்சை என்றால் சும்மா ஊதித் தள்ளிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? அவங்க தாய்மொழியாச்சே, என்ன கஷ்டம்? சரி, தாய்மொழி இலக்கணத்தில் கோட்டை விட்டவர்கள் எல்லாம் ஒரு தடவை கை தூக்குங்கள். ம்... போதும், இறக்கிக்கொள்ளலாம்.

2009 ஜூன். ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். சமையலறை மேசை மேல் காகிதங்களைக் கடை பரப்பிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். விடிந்தால் ஆண்டு இறுதிப் பரீட்சை. மூன்று பகுதிகள்: அமெரிக்க இலக்கியம், ரெட்டரிக் என்கிற சொல்லாட்சிக் கலை, கடைசியாக இலக்கணம். ஒன்றரை மணி நேரத்தில் மூன்றையும் முடிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதுமே கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அப்போது கல்லூரிக்காரர்கள் பார்ப்பது பதினோராம் வகுப்பு வரைக்குமான கிரேடுகளைத்தான். இவளுக்கு மற்ற பாடங்கள் பரவாயில்லை, ஆங்கிலத்தில் மட்டும் 'சி'. உதவித்தொகை இல்லாவிட்டால் கல்லூரியே கிடையாது. அம்மா முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட். அதனால்தான் வீட்டில் அன்றைக்கு மேசை முழுதும் காலியாகக் கிடைத்தது.

இலக்கியப் பகுதியை அட்டைகளில் எழுதி வைத்திருந்தாள். முன்பக்கம் ஆண்டு, பின்பக்கம் ஆள். 1845, ஃபிரெடெரிக் டக்ளஸின் சுயசரிதை. 1850, ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. 1855, விட்மன். 1925, 'தி கிரேட் கேட்ஸ்பி'. 1741-இல் ஜோனதன் எட்வர்ட்ஸ் கனெக்டிகட்டில் செய்த பிரசங்கமும் உண்டு. நெருப்புக்கு மேலே பிடித்திருக்கும் சிலந்தி மாதிரி பாவிகளைக் கடவுள் நரகத்துக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார் என்று சொல்லி, கேட்டவர்களைக் கதறவைத்த பிரசங்கம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிக்க இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும் :-)

ரெட்டரிக் பகுதி இன்னும் மோசம். அனஃபோரா, எபிஸ்ட்ரஃபி, அசிண்டெட்டன், பாலிசிண்டெட்டன், சையாஸ்மஸ்... மருந்துக் கடைச் சீட்டு மாதிரி எல்லாம் கிரேக்கப் பெயர்கள். வரிகளின் தொடக்கத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அனஃபோரா. முடிவில் வந்தால் எபிஸ்ட்ரஃபி. இவற்றை அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். பயிற்சித் தேர்வில் பத்தியைக் கொடுத்தபோது டக் டக்கென்று அடையாளமும் காட்டினாள். இது அனஃபோரா, இது உருவகம், இது பேத்தோஸ். தாள் திரும்பி வந்தபோது ஒன்பதுக்கு நான்கு. ஓரத்தில் டீச்சர் மூன்று இடத்தில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: "அதனால் என்ன?"

அவளுக்குக் கோபமான கோபம். பெயரைச் சரியாகத்தானே சொன்னாள்? இன்னும் என்ன வேண்டுமாம்?

மூன்றாவது பகுதி இலக்கணம். இது பழைய புண். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் கட்டுரைகளில் சிவப்புப் பேனாவால் இரண்டு எழுத்து விழுந்துகொண்டே இருந்தது: 'ஆர்', 'ஓ'. ரன்-ஆன் என்பதன் சுருக்கம். நிறுத்தாமல் ஓடுகிற வாக்கியம்.

'ஐ வாஸ் டயர்ட் ஐ வென்ட் ஹோம்' என்று ஆங்கிலத்தில் எழுதக் கூடாது. இரண்டும் தனித்தனியே நிற்கக்கூடிய வாக்கியங்கள். நடுவே வெறும் காற்புள்ளி போட்டாலும் தப்பு. முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி, அல்லது ஓர் இணைப்புச் சொல். தமிழில் நாம் 'களைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன்' என்று வினையெச்சத்தை வைத்துக் கோத்துக்கொண்டே போய்விடுவோம், இந்தத் தலைவலி அவ்வளவாகக் கிடையாது.

ஆனால் அவள் புரிந்துகொண்டது வேறு. நீளமாக எழுதினால் தப்பு என்று எடுத்துக்கொண்டாள். லிங்கனும் அதற்குத் துணை வந்தார். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார், பிறகு லிங்கன் எழுந்து ஏறக்குறைய 270 சொற்களில் பேசி உட்கார்ந்தார், உலகம் ஞாபகம் வைத்திருப்பது லிங்கனைத்தான் என்று வகுப்பில் சொன்னார்கள். முடிந்தது கதை. அன்றிலிருந்து அவள் எழுதியது எல்லாம் அஞ்சு சொல், ஆறு சொல். தப்பு வராது, உயிரும் இருக்காது. (அந்த 270 சொற்களில் கடைசி வாக்கியம் எவ்வளவு நீளம் என்று அவளிடம் யாரும் காட்டவில்லை. பாவம்.)

ராத்திரி பதினொன்று இருக்கும். கட்டின் அடியில் மிச்சம் இருந்தது மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம். 1963 ஏப்ரல் 12 அன்று ஊர்வலத் தடையை மீறியதற்காகக் கைதானார். அலபாமாவைச் சேர்ந்த எட்டு வெள்ளைக்கார மதகுருக்கள் ஒரு அறிக்கை விட்டிருந்தார்கள்: போராட்டத்துக்கு இது நேரம் இல்லை, பொறுமையாக இருங்கள், நீதிமன்றத்துக்குப் போங்கள். சிறையில் கிடைத்த செய்தித்தாளின் ஓரங்களில்தான் கிங் பதிலை எழுதத் தொடங்கினார்.

நடுவில் ஒரு வாக்கியம் வருகிறது. படிக்கிறாள், படிக்கிறாள், முடியவே மாட்டேன் என்கிறது. பக்கத்தின் பெரும்பகுதியை அந்த ஒரே வாக்கியம் அடைத்துக்கொண்டிருக்கிறது. 300 சொற்களுக்கு மேல்! அவளுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? 'ஆஹா, ரன்-ஆன்! கிங்குக்கும் சிவப்புப் பேனா!'

பென்சிலை எடுத்தாள். இலக்கணத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாக்கியத்தை வெட்ட ஆரம்பித்தாள். முதல் துண்டு, 'இப்படி நடப்பதை நீங்கள் பார்த்திருக்கும்போது' என்று தொடங்குகிறது. தனியாக நிற்காது. அரைப்புள்ளி. அடுத்த துண்டும் 'நீங்கள் இப்படி இருக்கும்போது' என்றே. அதுவும் நிற்காது. அரைப்புள்ளி. அடுத்ததும் அப்படியே. தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள் எங்கேயும் முட்டிக்கொள்ளவில்லை. பட்டியலில் உள்ள துண்டுகளுக்கு உள்ளேயே காற்புள்ளிகள் இருந்தால் துண்டுகளை அரைப்புள்ளியால் பிரிக்கலாம் என்பது இலக்கணத் தாளிலேயே இருந்தது. அவள் எப்போதும் தாண்டிப் போகிற விதி அது. கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, முதன்மை வாக்கியம் வந்து உட்காருகிறது. ஒரு பிழை இல்லை.

துண்டுகளுக்குள் இருப்பதை அப்புறம்தான் நின்று படித்தாள். கும்பல் கொலைகள். நெடும்பயணத்தில் எந்த விடுதியும் அறை தராததால் இரவெல்லாம் காருக்குள்ளேயே தூங்குவது. டிவியில் விளம்பரம் பார்த்துவிட்டு அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்கும் ஆறு வயது மகள், அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று திணறும் அப்பா. ஒவ்வொன்றும் முடியும்போது 'அப்பாடா, வாக்கியம் முடிந்தது' என்று நினைத்தால் இன்னொன்று வருகிறது.

காத்திருங்கள் என்று சொன்ன எட்டுப் பேரையும் ஒரு முற்றுப்புள்ளிக்காகக் காத்திருக்க வைத்திருக்கிறார் மனுஷன்! அந்த முதன்மை வாக்கியம் கடைசியில் வந்து சொல்வதும் அதைத்தான், எங்களுக்குக் காத்திருப்பது ஏன் கஷ்டம் என்று அப்போது உங்களுக்குப் புரியும் என்று. தமிழில் வினைமுற்று எப்படியும் கடைசியில்தான் வரும் என்பதால் நமக்கு இந்தக் காத்திருப்பு பழகிப்போன ஒன்று. ஆங்கிலத்தில் அதை வேண்டுமென்றே கட்ட வேண்டும். அரைப்புள்ளி தெரியாமல் அதைக் கட்ட முடியாது.

டீச்சரின் "அதனால் என்ன?" அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அனஃபோரா என்று எழுதிவிட்டு நிறுத்தினால் அது வெறும் பெயர். படிக்கிறவனை அது என்ன பாடு படுத்துகிறது என்பதைத்தான் டீச்சர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் முன்னாடியே இதை நான்கு சொல்லில் விளக்கியிருக்கலாம் அந்த டீச்சர் என்பது வேறு விஷயம்.

அம்மா காலையில் வந்தபோது மேசை மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பரீட்சையில் கிங் வரவில்லை. டக்ளஸின் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வந்தது. எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் எஜமானன் தடுத்துவிடும் இடம். பதிலில் பல வருடத்துக்குப் பிறகு ஒரு நீளமான வாக்கியம் எழுதினாள். நான்கு வரி. ஒவ்வொரு துண்டையும் விரலால் மூடி மூடிப் பார்த்து, தனியாக நிற்கிறதா இல்லையா என்று சோதித்துத்தான் புள்ளி வைத்தாள். அதிலேயே பத்து நிமிடம் போயிற்று, மற்ற கேள்விகளை ஓட்டமாக ஓடி முடித்தாள்.

தாள் வந்தது. அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் சிவப்பில் 'ஆர்' என்று ஒரு எழுத்து மட்டும் இருந்தது. 'ஓ' இல்லை. எழுதிய 'ஆர்' மேலும் ஒரு கோடு. பாதியில் டீச்சர் நின்று திரும்பப் படித்திருக்கிறார்.

ரெட்டரிக்கில் ஒன்பதுக்கு ஏழு. பாடத்தின் மொத்த கிரேடு எப்படியோ தவழ்ந்து வந்து 'பி'யில் நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும், அவசரத்தில் ஹாதார்னை 1741-லும் சிலந்திப் பிரசங்கத்தை 1850-லும் போட்டுவிட்டாள்.