கைகள் மறப்பதில்லை

முதியோர் இல்லம் என்றதும் உணவு, மருந்து, தூய்மை ஆகிய மூன்றையுமே நாம் முதலில் விசாரிக்கிறோம். அவை தேவையே. ஆயினும், விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அங்குள்ளவர் என்ன செய்கிறார் என்ற வினாவை நம்மில் பலர் எழுப்புவதில்லை.

என் சித்தி நாற்பது ஆண்டுகள் சந்தையில் மீன் விற்றவர். கால் தளர்ந்து, நினைவும் மங்கியபின், அருட்சகோதரியர் நடத்தும் இல்லமொன்றில் சேர்ந்தார். பிற்பகல்தோறும் அங்கே எல்லாருக்கும் வண்ணம் தீட்டத் தாள்கள் தரப்படும். சித்தி அவற்றைத் தொடமாட்டார். 'ஒத்துழைக்காதவர்' என்று பெயரும் வாங்கினார். புதிதாக வந்த சகோதரி ஒருவர் அவருடைய தொழிலை என்னிடம் கேட்டறிந்தார். மறுநாள் ஒரு முறத்தில் நெத்திலிக் கருவாட்டை அவர்முன் வைத்தார். சித்தியின் விரல்கள் தாமாகவே தலைகளைக் கிள்ளத் தொடங்கின. "இது பழைய சரக்கு. என்ன விலைக்கு வாங்குனீங்க?" என்று அதட்டினார். பல மாதங்களுக்குப்பின் அவரிடமிருந்து நான் கேட்ட முழுப்பேச்சு அதுவே.

சமையற்கட்டில் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைக்குச் சித்திக்கு அரைமணி பிடிக்கும். அந்த அரைமணியில் பணியாளர் அவரிடம் விலை கேட்டனர், பக்குவம் கேட்டனர். ஒருநாள் அவர் முறத்தைத் தள்ளிவிட்டு வாயிலைக் கைகாட்டினார். சகோதரி நாற்காலியை அங்கே நகர்த்திக் கொடுத்தார். மறுக்கும் உரிமை இல்லையேல், இதுவும் வேலை வாங்குவதாகவே முடியும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நியூ பெர்லின் என்னும் சிற்றூரிலுள்ள பராமரிப்பு இல்லத்தில் 1991-இல் மருத்துவர் பில் தாமஸ் பொறுப்பேற்றார். அங்கே வாட்டும் நோய்கள் தனிமை, சலிப்பு, பிறரையே சார்ந்திருக்கும் இயலாமை என்று அவர் கண்டார். 2 நாய்கள், 4 பூனைகள், 100 சிறுகிளிகள், அறைதோறும் செடிகள் எனக் கொண்டுவந்து சேர்த்தார். ஒடுங்கிக் கிடந்த சிலர், நாயை உலாவ அழைத்துச் செல்வதாகத் தாமே முன்வந்தனர். மருந்துத் தேவையும் குறைந்தது. கவனிக்கப்பட்டு வந்தவர்களுக்குத் தாங்கள் கவனிக்க வேண்டிய உயிரொன்று கிடைத்திருந்தது.

ஆட்பற்றாக்குறையுள்ள நம் இல்லங்களில் இத்தனையும் இயலாது. எனினும், உறவினராகிய நாம் ஒன்று செய்யலாம். சேர்க்கும் நாளில் மருத்துவச் சீட்டோடு இன்னொரு தாளையும் கொடுப்போம். எத்தனை மணிக்கு எழுவார், எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், காப்பியா தேநீரா, அவர் கைகள் அறிந்த வேலை எது என்பவற்றை அதில் எழுதுவோம். அந்தத் தாளை நிரப்ப நம்மால் இயலாதெனில், பெற்றோர் பேசும் நிலையில் இருக்கும்போதே அவர்களருகே அமர்ந்து கேட்டுக்கொள்வோம்.