முதுகுப் பையும் பொதுப் பையும்

பிரயாணத்திற்குக் காரணங்கள் பல. வாணிகத்தின்பொருட்டும், உத்தியோகத்தின்பொருட்டும், உயர்தரக் கல்வியின்பொருட்டும் கடல் கடந்து செல்வாரை நம் தமிழுலகம் நெடுங்காலமாக அறியும். அவரை வழியனுப்ப மாலையும் கண்ணீரும் என்றும் ஆயத்தமாக இருக்கின்றன. ஆனால், பிற நாட்டையும் பிற மக்களையும் காண்பதொன்றையே காரியமாகக் கொண்டு, முதுகில் ஒரு பையைச் சுமந்து புறப்படும் இளைஞரை நாம் இன்னும் ஐயத்துடனேயே நோக்குகிறோம். செல்வர் வீட்டுப் பிள்ளையாயின் அது பொழுதுபோக்கு எனப்படும். ஏழை வீட்டுப் பிள்ளையாயின் ஊதாரித்தனம் எனப்படும். யாமும் எம் நண்பர் ஒருவரும் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பதினெட்டு நாட்கள் இவ்வாறு ஐரோப்பாவில் திரிந்து வந்தோம். ஆண்டு கண்ட மாடமாளிகைகளை வருணிப்பது எம் நோக்கமன்று. அவற்றின் படங்களை நேயர்கள் எம்மினும் நன்றாகக் கண்டிருப்பார்கள். சிறுபொருள் உடையாரும் உலகைக் காண்பது எங்ஙனம் இயலுவதாயிற்று என்பதையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

யாமிருவரும் இரண்டாண்டுகள் சிட்லபாக்கத்திலும் சேலையூரிலும் பள்ளிச் சிறுவர்க்கு மாலைவேளைகளில் கணிதம் கற்பித்துப் பொருள் சேர்த்தோம். எம் தந்தையார் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். நண்பரின் தந்தையார் குரோம்பேட்டை நிலையத்தருகே ஆட்டோ ஓட்டுபவர். நண்பர் தாம் ஈட்டியதில் ஒரு பகுதியை வீட்டிற்குக் கொடுக்கவேண்டியவராதலால் அவர் சேர்த்தது எம்முடையதினும் குறைவு. ஆகவே புறப்படுமுன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். இருவர் பணமும் ஒரே பையில் சேரவேண்டும். செலவுக்குக் கணக்கு உண்டு, பங்குக்குக் கணக்கில்லை என்பதே அது. விசாவுக்குக் கட்டணம் அப்பொழுது ஒருவர்க்கு 80 யூரோ. முப்பதினாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும், தங்குமிடங்களின் விவரமும், வங்கிக் கணக்கின் நகலும் காட்டவேண்டியிருந்தன. விண்ணப்பத்தில் பிரயாணத்தின் நோக்கம் யாதென ஒரு வினா உண்டு. அதற்கு விடையெழுதுவது எளிதாயிற்று. எம் தெருவிலுள்ள பெரியவர்களுக்கு விடை கூறுவதே அரிதாயிற்று. "தம்பி, மேற்படிப்புக்கா, வேலைக்கா?" என்று வினவினார்கள். "இரண்டுக்கும் இல்லை, ஐயா, பார்த்துவிட்டு வரத்தான்" என்றபோது, அவர்கள் எம் தந்தையாரை இரக்கத்துடன் நோக்கினார்கள்.

மே மாதம் 9-ஆம் தேதி பிராங்பர்ட் நகரில் இறங்கினோம். அன்று இயேசுபெருமான் விண்ணேறிய திருநாள். ஜெர்மனி முழுவதும் விடுமுறை. கடைகள் அடைத்திருந்தன. நண்பரின் தாயார் கட்டிக்கொடுத்த அவலும் புளிக்காய்ச்சலுமே எமக்கு முதல்நாள் உணவாயின. ஆயினும், அந்நாட்டில் உள்ளூர்ப் புகைவண்டிகளிலும் பேருந்துகளிலும் ஒரு மாதம் எங்கும் செல்லுதற்குரிய பயணச்சீட்டு அவ்வாண்டில் 49 யூரோவுக்குக் கிடைத்தது. 2023 மே மாதத்தில் தொடங்கப்பெற்ற இத்திட்டம் செல்வர்க்கும் ஏழைக்கும் ஒன்றே. விரைவு வண்டிகளில் அச்சீட்டுச் செல்லாதாகையால் யாம் மெல்லச் சென்றோம். மெல்லச் சென்றதனால் ஊர்களைக் கண்டோம்.

முதுகுப் பையைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் 'ரக்சாக்' என்னும் சொல் ஜெர்மானியருடையது. 'முதுகுச் சாக்கு' என்பதே அதன் பொருள். சொல்லை மட்டுமன்று, அப்பையைச் சுமந்து செல்வார் இரவில் தலைசாய்க்கும் இடத்தையும் உலகிற்கு அளித்தவர் அந்நாட்டவரே. அதன் வரலாற்றை அறிய லென்னெ ஆற்றங்கரையிலுள்ள ஆல்டெனா என்னும் சிற்றூர்க்குச் சென்றோம்.

அவ்வூரில் ரிச்சர்டு சிர்மான் என்பவர் பள்ளி ஆசிரியராயிருந்தார். மாணவரை நாற்சுவர்க்குள் வைத்துக் கற்பிப்பதினும் காட்டிலும் மேட்டிலும் நடத்திக் கற்பிப்பது நன்று என்பது அவர் கொள்கை. 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி அவர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு நடந்துசெல்கையில் கடும் இடிமழை பிடித்துக்கொண்டது. வழியிலிருந்த ஒரு கிராமப் பள்ளியின் வகுப்பறைகள் அவர்கட்குத் திறந்துவிடப்பட்டன. குடியானவர் ஒருவர் படுக்க வைக்கோல் கொடுத்தார். பிள்ளைகள் உறங்கினர், ஆசிரியர் உறங்கவில்லை. விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் பள்ளிகள் வெறுமையாகக் கிடக்கின்றனவே. அவற்றை நடந்துவரும் இளைஞர்க்குத் திறந்துவிட்டால் என்ன என்று அவ்விரவில் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக 1912-ஆம் ஆண்டில் ஆல்டெனாக் கோட்டையில் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி தோன்றியது. மரத்தாற் செய்த மூன்றடுக்குக் கட்டில்கள் நிறைந்த அப்பழைய அறைகள் இன்று காட்சிச்சாலையாகக் காக்கப்படுகின்றன. அக்கட்டில்களின் முன் யாம் நெடுநேரம் நின்றோம். பிரபுக்களின் கோட்டையில் ஆசிரியர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்குப் படுக்கை விரித்தார் என்பதினும் வியத்தகு செய்தி அக்கோட்டையின் வரலாற்றில் வேறு உண்டோ என எமக்குத் தோன்றியது.

பெர்லின் நகரின் தென்மேற்கே ஸ்டெக்லிட்ஸ் என்னும் பகுதி உண்டு. சென்னைக்குத் தாம்பரம் போல அதுவும் ஒரு காலத்தில் நகர்ப்புறத்து ஊரே. 1896-ஆம் ஆண்டு முதல் அவ்வூர்ப் பள்ளி மாணவர் சிலர் விடுமுறைதோறும் கால்நடையாகச் சுற்றத் தொடங்கினர். 1901-இல் அது 'திரியும் பறவை' எனப் பொருள்படும் 'வாண்டர்வோகல்' என்ற பெயருடன் ஓர் இயக்கமாயிற்று. ஆனால் 1933-ஆம் ஆண்டில் நாஜிகள் ஆட்சியேறியதும் இத்தகைய இளைஞர் சங்கங்கள் யாவும் கலைக்கப்பட்டன அல்லது அவர்தம் இளைஞர் படையுள் அடக்கப்பட்டன. விடுதிகளும் அவர்கள் கைப்பட்டன. மனம்போல நடந்தவர்கள் அணிவகுத்து நடக்கலாயினர். கால்கள் அவையே, சென்ற இடந்தான் வேறு. இளைஞர் நடப்பது தன்னளவில் நன்மையாகிவிடாது, யாருக்காக, யார் ஏவ நடக்கிறார்கள் என்பதையும் நோக்கவேண்டும் என்பதை அவ்வூர்த் தெருவில் நின்று எண்ணிக்கொண்டோம்.

பின்னர் ஹாலே நகரை அடைந்தோம். 1698-இல் பிராங்கே என்னும் போதகர் அநாதைப் பிள்ளைகளுக்காக நிறுவிய பெருநிலையம் அங்கே உள்ளது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு ஐயர் இந்நிலையத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். அவர் எழுதிய தமிழிலக்கண நூல் 1716-இல் ஹாலேயில் அச்சேறியது. நிலையத்தின் மேன்மாடத்திலுள்ள பழம்பொருட் கூடத்தில், கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகின்றது. பல நாட்டு அரும்பொருள்கள் பேழைகளில் அடங்கியுள்ளன. தமிழ் ஓலைச்சுவடிகளும் அந்நிலையத்தில் போற்றிக் காக்கப்படுகின்றன. சீகன்பால்கு 1714-இல் தாயகம் திரும்பியபோது, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் அவருடன் கடல் கடந்து சென்றார். விசாவும் காப்புறுதியும் இல்லாத அக்காலத்தில், மாதக்கணக்கில் கப்பலில் சென்று, பனியிலும் குளிரிலும் அந்நாட்டிற் பழகிய அவ்விளைஞரை எண்ணியபோது, எம் முதுகுப் பையின் பன்னிரண்டு கிலோ மிக எளிதாகத் தோன்றிற்று.

பன்னிரண்டாம் நாள் பிராக் நகரில் இருந்தோம். அவ்விடத்து விடுதியில் விருந்தினர் சமைத்துண்ண ஒரு பொது அடுக்களை உண்டு. டிரெஸ்டனிலிருந்து வந்திருந்த இரண்டு மாணவர்க்கு எம் நண்பர் புளிச்சோறு கிளறிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பொழுது அவர் வீட்டிலிருந்து தொலைபேசிச் செய்தி வந்தது. அவர் தங்கை எழுதிய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் மே 6-ஆம் தேதியே வெளிவந்திருந்தன. விரும்பிய பாடத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் முதற் கட்டணமாக முப்பதினாயிரம் ரூபாயை மூன்று நாளில் செலுத்தவேண்டும். தந்தையார் பதினாயிரம் கடன் வாங்கியிருந்தார், அதற்குமேல் வழியில்லை. நண்பர் அடுப்பை அணைத்துவிட்டு, சோற்றைப் பரிமாறினார். தாம் உண்ணவில்லை.

எமக்குப் பாரிஸ் நகரைக் காணவேண்டுமென்பது பள்ளிக்காலம் முதற்கொண்டு இருந்த ஆசை. பொதுப் பையில் எஞ்சியிருந்தது அதற்குச் சரியாகப் போதும். அதனை அறிந்த நண்பர், "நீ பாரிஸுக்குப் போய் வா. என் சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் கொடு. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். வீட்டுக்கு வேறு யாரிடமாவது கேட்கிறேன்" என்றார். அவ்விரவு யாமிருவரும் அதிகம் பேசவில்லை. வால்டாவா ஆற்றின் பாலத்தில் நெடுநேரம் நடந்தோம். செலவுக்குக் கணக்கு உண்டு, பங்குக்குக் கணக்கில்லை என்று தாம்பரத்தில் எளிதாகச் சொன்ன சொல்லின் விலை எவ்வளவு என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று. பணம் பெரும்பாலும் எம் வங்கிக் கணக்கிலேயே இருந்தது. மறுநாள் காலை இருபதினாயிரம் ரூபாயைக் கைப்பேசி வாயிலாக அனுப்பிவிட்டு, "அனுப்பியாயிற்று; இனி அதைப்பற்றிப் பேச்சில்லை" என்றோம். நண்பர் ஒன்றும் கூறவில்லை; எம் பையிலிருந்த கனமான போர்வையை எடுத்துத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

பாரிஸ் நின்றது, ஆனால் பிரயாணம் நிற்கவில்லை. டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்யும் நம் கலாசாலைப் பழைய மாணவர் ஒருவர்க்கு எழுதினோம். அவர் எம்மை முன்பின் அறியாதவர். "சேலையூர் ஹாலா, ஹீபர் ஹாலா?" என்று மட்டும் வினவி, தம் சிற்றறையின் தரையில் மூன்று இரவு இடமளித்தார். அங்கிருந்து நாள்தோறும் எல்பெ ஆற்றோரத்து மணற்பாறை மலைகளுக்குச் சென்று நடந்தோம். பாஸ்டை என்னுமிடத்தில், 1851-இல் கட்டிய கற்பாலம் ஒன்று பாறைத் தூண்களிடையே செல்கின்றது. அதன்கீழ் ஆறு ஒரு வெள்ளிக்கம்பி போலத் தோன்றும். காண்பதற்குக் கட்டணமில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் உண்டோம். வழியிற் கிடந்த வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கிக் கடையிற் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் வரை திரும்பக் கிடைத்தது. பாரிஸைக் காணாத வருத்தம் எமக்கு இன்றும் உண்டு. அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் அம்மலையில் நடந்த மூன்று நாட்களே அப்பதினெட்டு நாட்களுள் எமக்கு மிக்க தெளிவாக நினைவிலிருப்பன.

இனி நம்மூர்ச் செய்தி ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில், பிராக் அடுக்களையில் எம்முடன் புளிச்சோறு உண்ட மாணவரிருவரும் தமிழ்நாட்டிற்கு வந்தனர். அவர்களும் சிறுபொருள் உடையாரே. தாம்பரத்தில் இளைஞர்க்கெனக் குறைந்த வாடகையில் ஒரு படுக்கை தேடினோம். எம் கண்ணுக்கு அகப்படவில்லை. கடைசியில் நண்பரின் வீட்டு மொட்டைமாடியிலும் எம் வீட்டுக் கூடத்திலுமாகத் தங்கினர். அவர்களை நம் புறநகரில் நடத்திக் காட்டினோம். 1802-இல் லாம்டன் இந்தியாவையே அளக்கத் தொடங்கியது பரங்கிமலையின் அருகில். 1863-இல் புரூஸ் பூட் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். 1931-இல் நகரிலிருந்து முதல் மின்சாரப் புகைவண்டி வந்து நின்றது தாம்பரத்தில். இவ்வளவும் ஒருநாள் நடையில் அடங்கும். அவ்வழியே ஆண்டுக்கணக்கில் மின்சார வண்டியிற் சென்றுவரும் நம்மில் எத்தனைபேர் இறங்கி நடந்திருக்கிறோம்?

நம் கலாசாலை 1937-இல் நகரத்தின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டிற்கு வந்தது. மரநிழலும் மான்கூட்டமும் மாணவர் இல்லங்களும் இங்குண்டு. மே மாதத்தில் அவ்வில்ல அறைகளுட் பல பூட்டிக் கிடக்கின்றன. சென்னையைச் சூழ்ந்துள்ள பிற கலாசாலைகளிலும் இவ்வாறே. மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் முதுகுப் பையுடன் வரும் மாணவர்க்கு அவ்வறைகளுட் பத்தேனும் விடுமுறையில் திறந்துவிடப்படுமாயின், செலவு பெரிதன்று. வைக்கோல்கூட வேண்டியதில்லை, கட்டில்களே உள்ளன. காவலுக்கும் துப்புரவுக்கும் ஆகும் தொகையைத் தங்குவாரே கொடுக்கலாம். மேற்பார்வையை மாணவர் சங்கம் ஏற்கலாம்.

உலகைக் காண்பது செல்வர்க்கு மட்டும் உரியதாதலும் அனைவர்க்கும் உரியதாதலும் இளைஞரின் துணிவை மட்டும் பொறுத்ததன்று. அவர் வருமுன்னே யாரோ ஒருவர் திறந்துவைத்த கதவையும் பொறுத்தது. அத்தகைய கதவுகள் பல எமக்குத் திறந்திருந்தன. நம் கலாசாலையின் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இதனைச் சிந்திப்பார்களாக.