பென்டிரைவோடு வரும் கடிதம்

சங்கரன்கோவில்,
ஆவணி 22

அன்புள்ள தங்கச்சி செல்விக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது.  

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினபோது கடையில் நல்ல கூட்டம். ஒரு காதில் நீ, இன்னொரு காதில் “அண்ணே, ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ்” என்று ஒரு பையன். இருந்தாலும் காசுக் கணக்கு மட்டும் தப்பாமல் காதில் விழுந்துவிட்டது. மருமகன் லேப்டாப்பில் “எல்லா சாஃப்ட்வேரும்” ஏற்றித் தர 3,500. பாப்பாவுக்குக் குரூப் 4 மெட்டீரியல் 2,800. எம்ப்ராய்டரி டிசைன் வாங்கினது இந்த மாதம் மட்டும் 4,000. ராத்திரி கடையடைத்த பிறகு கூட்டிப் பார்த்தேன், 10,300 வருகிறது. மாப்பிள்ளை கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோன நேரத்தில் இது சின்னத் தொகை இல்லை.

பெரியப்பா வீட்டுத் தம்பி வியாழக்கிழமை திருப்பூர் வருகிறான். அவன் கையில் ஒரு பென்டிரைவும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். போனில் சொன்னால் நீ “சரிண்ணே, சரிண்ணே” என்று கேட்டுவிட்டு மறந்துபோவாய். எழுத்தில் இருந்தால் மருமகனாவது எடுத்துப் படிப்பான்.

முதலில் என் பிழைப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷமாகப் பிரௌசிங் சென்டர் நடத்துகிறேன். ஜனங்கள் என்னிடம் காசு கொடுத்து எடுத்துப்போவதில் பாதி, அரசாங்கம் சும்மா கொடுப்பதுதான். பட்டா, சிட்டா பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. பத்திரப்பதிவுத் துறை தளத்தில் வில்லங்கம் பார்ப்பதும் அப்படித்தான். சான்றிட்ட நகல் வேண்டும் என்றால் மட்டும் காசு. ஆதாரில் போன் நம்பர் இணைத்திருந்தால், இதுவரை பான் கார்டே எடுக்காத பெரியவர்கள் வருமான வரித் தளத்தில் இ-பான் இலவசமாக எடுக்கலாம். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கவும் ஒரு பைசா வேண்டாம். நான் வாங்குகிற முப்பதும் ஐம்பதும் உட்கார்ந்து டைப் அடிக்கிற கூலி, பிரிண்ட் போடுகிற மைக்கூலி. அதை நியாயம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் போன மாதம் ஒரு பெரியவர் இ-பானுக்கு வேறொரு இடத்தில் 600 ரூபாய் கொடுத்துவிட்டு, வந்த காகிதத்தை லேமினேஷன் பண்ண என்னிடம் கொண்டுவந்தார். “கவர்மெண்டு பீஸுன்னு சொன்னாங்க தம்பி” என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெளியாளிடம் வாங்கலாம், கூடப் பிறந்தவளிடம் வாங்க முடியாது. அதனால் தொழில் ரகசியத்தை உனக்கு எழுதுகிறேன்.

உன் எம்ப்ராய்டரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் மாதாமாதம் போகிற காசு. ஒரு ஜாக்கெட் கை டிசைனுக்குப் பஞ்சிங் பண்ணி, அதாவது படத்தைத் தையல் கோப்பாக மாற்றிக் கொடுப்பவர் 300, 400 என்று வாங்குகிறார். இங்க்ஸ்கேப் என்று படம் வரைகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது, முழுக்க இலவசம். அதற்குள் இங்க்/ஸ்டிச் என்று ஒரு இணைப்பு, அதுவும் இலவசம். இங்க்ஸ்கேப்பில் கோடு வரைந்தால் இங்க்/ஸ்டிச் அதைத் தையலாக மாற்றி, உன் மெஷின் கேட்கிற டிஎஸ்டி கோப்பாகக் கொடுத்துவிடும். ஊசி எங்கே ஆரம்பித்து எந்த வழியாகப் போகும் என்று திரையிலேயே ஓட்டியும் காட்டும். துணியில் போடுவதற்கு முன்னாலேயே பாதித் தப்பு கண்ணில் பட்டுவிடும்.

போன தீபாவளிக்கு வந்தபோது உன் மெஷினில் ஒரு மாங்காய் போட்டுப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அம்மாவின் கோல நோட்டில் இருந்த மாங்காய். பழைய வேட்டித் துணியில் ஓட்டினோம். சுற்றிலும் துணி சுருங்கி, மாங்காய் வற்றலாகிப் போய்விட்டது. “சும்மா கிடைக்கிறது இப்படித்தான் இருக்கும்” என்று நீ சிரித்தாய். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. அதற்கப்புறம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தேன்.

தப்பு மென்பொருளில் இல்லை, என் அவசரத்தில் இருந்தது. முதல் தப்பு, நோட்டை ஸ்கேன் பண்ணி அப்படியே கோடாக மாற்றச் சொன்னது. அம்மா பேனாவால் போட்ட ஒற்றைக் கோட்டை அது இரண்டு கரையாக எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை ஸ்கேனை அடியில் வைத்து, மேலே நானே பேனாக் கருவியால் வரைந்தேன். இரண்டாவது, வரிசைக்கு வரிசை இடைவெளி. அது தானாக வைத்திருந்த 0.25 மில்லிமீட்டரை நான் தொடாமல் விட்டுவிட்டேன். மெல்லிசு வேட்டித் துணிக்கு அது ரொம்ப நெருக்கம், இப்போது 0.4 வைத்திருக்கிறேன். மூன்றாவது, நூல் துணியை இழுத்துப் பிடிப்பதால் வரைந்ததைவிட உருவம் ஒடுங்கித்தான் விழும். அதற்கு ஈடாக ஓரத்தில் கொஞ்சம் கூட்டி வைக்க ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் பார்த்து வைத்திருக்கிறேன். அடியில் பேப்பர் வைக்காதது மட்டும் உன் கணக்கு. அதை என் தலையில் போடாதே.

டிஎஸ்டி கோப்பில் நூலின் நிறம் பதியாது, எங்கே நூல் மாற்ற மெஷின் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் பதியும். அதனால் வரிசையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பென்டிரைவ் மூடியோடு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன்: பச்சை, அரக்கு, ஜரிகை.

இன்னொன்று. இணையத்தில் “ஃப்ரீ எம்ப்ராய்டரி டிசைன்” என்று கொட்டிக் கிடக்கிறதே, அதை அப்படியே எடுத்துத் தைத்து விற்காதே. அதில் நிறைய, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நீ கடைக்குக் கொடுக்கிறவள். அம்மாவின் நோட்டில் நூற்றைம்பது கோலம் இருக்கிறது, அதற்கு யாரும் உரிமை கேட்டு வரமாட்டார்கள். நோட்டு முழுவதையும் ஸ்கேன் பண்ணிப் பென்டிரைவில் போட்டிருக்கிறேன்.

இனி மருமகன் விஷயம். அந்த 3,500-ஐ இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். ‘எல்லா சாஃப்ட்வேரும்’ என்று அந்த விலைக்கு ஒருவர் கொடுக்கிறார் என்றால் பூட்டு உடைத்த சரக்காகத்தான் இருக்கும். இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசைன் மென்பொருளின் உடைத்த பதிப்பை எங்கிருந்தோ இறக்கிக் கடை கம்ப்யூட்டரில் போட்டேன். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொன்னது, நானும் அணைத்தேன். மறுநாள் காலையில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. எல்லாப் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத நாலு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கொடு, மூன்று நாளைக்குள் வந்தால் பாதி, 490. வாடிக்கையாளர் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை டிசைன், என் சின்னவளின் முதல் பிறந்தநாள் போட்டோ அத்தனையும் போனது. காசும் கொடுக்கவில்லை, போட்டோவும் வரவில்லை. இது உன் மதினிக்கு முழுசாகத் தெரியாது. ஹார்ட் டிஸ்க் பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பென்டிரைவில் லிப்ரேஆபிஸ் இருக்கிறது. கடிதம், கணக்கு, பிரசன்டேஷன் மூன்றும் அதில் ஓடும், வேர்டில் அடித்த கோப்பையும் திறக்கும். சில சமயம் தமிழ் எழுத்துரு மாறி வரி தள்ளிப்போகும், அவ்வளவுதான் குறை. என் கடையில் இரண்டு கம்ப்யூட்டரில் அதுதான். படத்துக்கு ஜிம்ப், பாட்டு ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி. இவற்றை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. அவன் கல்லூரியில் எடுத்திருப்பது மெக்கானிக்கல் என்றால் முதல் வருஷமே ஆட்டோகேட் வேண்டியிருக்கும். அதற்கும் காசு வேண்டாம். மாணவன் என்று கல்லூரிச் சான்றைக் காட்டிப் பதிவு செய்தால் அந்தக் கம்பெனியே ஒரு வருஷத்துக்கு இலவசமாகக் கொடுக்கிறது, படிக்கும் வரை வருஷாவருஷம் புதுப்பிக்கலாம். கல்லூரியில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்களா என்று கேட்கச் சொல். அந்த முகவரி ஒன்றே பல கதவைத் திறக்கும்.

பாடத்துக்கு என்பிடெல் இருக்கிறது. ஐஐடிக்களும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. ஐஐடி வாத்தியார் கரும்பலகையில் எழுதி நடத்துகிற வகுப்பை இவன் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம். படிப்பது இலவசம், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குவதற்குத்தான் கட்டணம். ஆரம்பத்தில் இங்கிலீஷ் மிரட்டும். பாதி வேகத்தில் ஓட விட்டுக் கேட்கட்டும்.

பாப்பாவின் குரூப் 4 மெட்டீரியலைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. 2,800 ரூபாய்க்கு அவர்கள் கொடுப்பதில் பெரும்பங்கு பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தைப் பிரித்துப் போட்டதுதான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அப்படிப்பட்ட கட்டுகளுக்கு ஸ்பைரல் போடுகிறவனே நான்தான். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பாடநூலையும் அரசே இணையத்தில் பிடிஎஃப்பாக வைத்திருக்கிறது. பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் டிஎன்பிஎஸ்சி தளத்திலேயே கிடைக்கும். யூடியூபில் ‘எய்ம் டிஎன்’ என்று அரசு நடத்துகிற சேனலில் வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: பிடிஎஃப் இலவசம் என்று மொத்தத்தையும் பிரிண்ட் போடக் கிளம்பாதே. 250 பக்கப் புத்தகத்தைப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து அச்செடுத்தால் 500 ஆகும். பாடநூல் கழகத்தின் அச்சுப் புத்தகம் அதைவிடச் சல்லிசு. பக்கத்து வீட்டில் பத்தாவது முடித்த பிள்ளையிடம் கேட்டால் அதுவும் மிச்சம். பிரிண்ட் போட்டுப் பிழைக்கிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மாப்பிள்ளை வீட்டுக் கடனுக்குப் போகிறார் என்றாயே, சிபில் பார்க்க யாரிடமும் 500 கொடுக்க வேண்டாம் என்று சொல். கடன் கணக்கு பார்க்கிற நிறுவனங்கள் சிபிலோடு சேர்த்து நாலு உண்டு. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போய் எடுக்கட்டும். நடுவில் மாதச் சந்தா கட்டச் சொல்லிப் பெரிய பட்டனாகக் காட்டும். இலவசம் என்பது ஓரத்தில் ஒல்லியாக இருக்கும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்து தெரியவில்லை என்று படிப்பதையே விட்டிருந்தாள். சின்னவளின் பழைய டேப்லெட்டில் மதுரைத் திட்டம் தளத்திலிருந்து ‘பொன்னியின் செல்வன்’ இறக்கி, எழுத்தைக் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். 1998 பொங்கலன்று ஆரம்பித்த திட்டம் அது. உலகம் பூராவும் இருக்கிற தமிழர்கள் கூலி வாங்காமல் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்பவர் முன்னின்று நடத்தியிருக்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று டைப்படித்துக் காசு வாங்குகிற எனக்கு அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அம்மா இரண்டாம் பாகத்தில் இருக்கிறாள். பூங்குழலி வருகிற இடத்தில் சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பத்திரிகைகளும் கிடைக்கின்றன, அடுத்து அதைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நான் மேலே எழுதின எதுவும் உன் போனைத் தேடி வந்ததில்லை, எல்லாம் நாம் தேடிப் போய் எடுத்தது. வாட்ஸப்பில் தானாக வருகிற “இலவச ரீசார்ஜ்”, “பண்டிகைப் பரிசு”, “இந்த லிங்கைப் பத்துப் பேருக்கு அனுப்பு” எதையும் தொடாதே. ஏபிகே என்று முடிகிற கோப்பை யார் அனுப்பினாலும், நான் அனுப்பினது போல வந்தாலும், திறக்காதே. பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை; பின் போடச் சொன்னால் உன் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். ஏதாவது ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணு.

பென்டிரைவில் ‘மாங்காய்-2’ என்று இருக்கிற கோப்பை முதலில் எடு. அடியில் பேப்பர் வைத்து, ஃப்ரேமை நன்றாக இறுக்கி, வெட்டுத் துணியில் ஒரு தடவை ஓட்டிப் பார். வளைந்த நுனியில்தான் எனக்குச் சந்தேகம், அங்கே நூல் குவியலாம். குவிந்தாலும் குவியாவிட்டாலும் துணியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அதுவரை புது டிசைன் எதுவும் காசு கொடுத்து வாங்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: பென்டிரைவ் கடை உருப்படி. தம்பி திரும்பி வரும்போது மறக்காமல் கொடுத்து விடு.