தானியங்கும் கருவியும் உடையவன் உரிமையும்

கணினியில் புதிதாக ஒரு கருவியைப் பொருத்தினால், அதற்கு வேண்டிய ஏற்பாடுகளை யந்திரமே செய்துகொள்ள வேண்டுமா, அன்றி உடையவன் தன் கையாற் செய்ய வேண்டுமா என்னும் வினா, சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பலருடைய சம்பளக் கணக்கை அடித்துக் கொடுக்கும் தோட்டக் கிராணிகளாகிய நமக்கு அஃது வேடிக்கையன்று.

முற்காலத்து நிலையை முதலிற் கூறுவோம். கணினிக்குள் ஓர் ஒலி அட்டையைச் செருகுவோன், அதன் மேலுள்ள சிறு ஜம்பர்களை நகர்த்தி, அதற்கென ஓர் அழைப்பெண்ணைக் குறிக்க வேண்டும். அவ்வெண்கள் 0 முதல் 15 வரை பதினாறே. கடிகாரம், விசைப்பலகை, வட்டு முதலியன அவற்றுட் பலவற்றை முன்னரே பற்றியிருக்கும். பிரிண்டர் வாயிலுக்குரிய 7ஆம் எண்ணை ஒலி அட்டைக்கும் கொடுத்தால் இரண்டும் பிணங்கக்கூடும். ஆகவே, அநேகர் கைவைக்கவே அஞ்சினர்.

1995 ஆகஸ்ட் 24இல் வெளிவந்த விண்டோஸ் 95, ‘பிளக் அண்ட் பிளே’ முறையைப் பொதுமக்களிடம் கொணர்ந்தது. கருவி தன்னை இன்னதென்று அறிவிக்கும்; யந்திரம் அதற்கு இடமளிக்கும். தொடக்கத்தில் இம்முறை பலகால் இடறிற்று. 1998 ஏப்ரல் 20இல் சிக்காகோ நகரில், பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98ஐக் காட்டியபோது, ஸ்கேனரைச் செருகிய சிறிது நேரத்தில் திரை நீலமாகி நின்றது, சபையோர் நகைத்தனர். ஆயினும் முறை திருந்திற்று. இன்று சிறுவரும் யூ.எஸ்.பி. கருவிகளைச் செருகி இயக்குகின்றனர். இந்நன்மையை நாம் மறுக்கவில்லை.

நாம் மறுப்பது, கேளாமற் செய்யும் அதிகாரத்தையே. எமது ஆபீஸில் சம்பளச் சீட்டுகள், முன்னரே கட்டமிட்ட தொடர்தாளில் அடிக்கப்படுகின்றன. ஒரு சம்பள நாளுக்கு முந்திய இரவில், கணினி தானே பிரிண்டர் டிரைவரை மாற்றி, நாம் குறித்திருந்த தாளளவையும் நீக்கிவிட்டது. காலையில் வந்த சீட்டுகளில் பிடித்தத் தொகை வரவுக் கட்டத்தில் விழுந்திருந்தது. “கிராணி ஐயா, இதிலே எது வரவு, எது பிடிப்பு?” என்று செம்பனைக் குலை வெட்டும் பெரியவர் ஒருவர் வினவினார். பழைய டிரைவருக்குத் திரும்பும் வழி எமக்குத் தெரிந்திருந்தமையால் ஒரு மணி நேரத்திற் சீர்செய்தோம். அவ்வழி அடைபட்டிருந்தால், தொழிலாளியின் ஐயம் யந்திரத்தின் மேலன்று, கிராணியின் நேர்மையின் மேலே சென்றிருக்கும்.

இதனினும் கொடியது 2014 அக்டோபரில் நிகழ்ந்தது. எஃப்.டி.டி.ஐ. கம்பெனியின் டிரைவர் ஒன்று, விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகத் தானே இறங்கி, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியாக்கிச் செயலிழக்கச் செய்தது. போலியென்று அறியாது வாங்கியவரே நஷ்டமுற்றனர். கண்டனம் எழவே, அந்த டிரைவர் மீட்டுக்கொள்ளப்பட்டது.

அங்ஙனமாயின் ஜம்பர் காலத்துக்குத் திரும்புவதா? வேண்டா. லினக்ஸில் எக்ஸ் என்னும் திரைமுறைக்கு ஒருகாலத்தில் திரையின் அதிர்வெண்களையும் கையால் எழுதவேண்டியிருந்தது. பின்னர் அது தானே கண்டறியக் கற்றது; எனினும், உடையவன் தன் கோப்பில் ஒன்றை எழுதிவைத்தால் அதற்கே முதலிடம். இதுவே நியாயமான முறை. வேலையை யந்திரம் செய்க. இறுதிச் சொல் மனிதனுடையதாகுக.

ஆதலின் அன்பர்களே, தானே நடக்கிறதென்று வாளாவிராதீர். நும் கணினியில் டிரைவர் மாற்றத்தை நிறுத்துவது எங்கே, பழையதற்கு மீள்வது எங்கே என்பதை இன்றே தேடி அறிமின். அறிந்ததை அடுத்த மேசைக்காரருக்கும் கூறுமின்.