மாத்திரைப் பை

“வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்.”

என் தாத்தா தலைசுற்றி விழுந்தபோது ஒரு மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான். ஐயம்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் பட்டு நெய்தவர் அவர். கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடா போட இன்னோர் ஆள் வேண்டும்; பள்ளி விட்டு வந்ததும் அந்த வேலை எனக்கு. குழியிலிருந்து காலை எடுத்து எழுந்தவர், கண் இருட்டித் தறிமேலேயே சாய்ந்தார். ஒரே மாதத்தில் மூன்று முறை.

பிறகு சென்னை கிண்டியிலுள்ள தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அது, 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நின்றதும் சடாரென இறங்கியது. “சாப்பிடுற மாத்திரையெல்லாம் எடுத்து வையுங்க” என்றார் மருத்துவர். பையைக் கொட்டினேன். இரு வேறு பெயர்களில் ஒரே மருந்து! இரண்டு இடங்களில் எழுதித் தந்தவை. தாத்தா இரண்டையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். ஒன்றை நிறுத்தினார்கள். அதன்பின் அவர் விழவில்லை. வேதியியல் படிக்கும் நான் அந்த அட்டையின் பின்புறத்தை ஒருநாளும் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்தது. இரண்டும் இந்தியாவில் முதலாவன. ஆனால் முதியோர் இல்லங்களில் இருப்போர் எல்லாரும் கிண்டிவரை வர இயலுமா? அமெரிக்காவில் 1982 முதல் 1987 வரை ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை, செவிலியர் கல்லூரிகளை முதியோர் இல்லங்களோடு இணைத்து ஒரு திட்டம் நடத்தியது. கல்லூரியே இல்லத்தைத் தேடிப் போயிற்று.

நாமும்தான் போனோம், நண்பர்களே! சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில். வாழைப்பழம், பிஸ்கட், குழுப் புகைப்படம். ஒன்றரை மணி நேரம். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாரமும் வருவியா கண்ணு?” என்றார். “வரேன் பாட்டி” என்றேன். போகவில்லை. அவர் தலைமாட்டிலும் ஒரு துணிப்பை நிறைய மாத்திரை இருந்தது.

மருந்தை மாற்ற நமக்கு உரிமையில்லை, மாற்றவும் கூடாது. ஆனால் மருந்தின் பெயர், அளவு, வேளை என்று ஒவ்வொருவருக்கும் பட்டியல் எழுதி, அங்கு வரும் மருத்துவரிடம் கொடுக்கலாமே? மாதம் இரண்டு சனிக்கிழமை போதும். வகுப்பில் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இல்லத்துப் பொறுப்பாளர் பிற்பகல் 3 மணிக்கு மேல் வரச் சொன்னார். அந்தப் பாட்டியைப் பற்றி அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.