முடிச்சுக்கு என்ன விலை?

ஒரு சட்டை தைக்க எத்தனை நாள் ஆகும் என்று உங்கள் தெருத் தையற்காரரைக் கேட்டுப் பாருங்கள். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்பார். (அந்த 'நாளை' எந்த நாளை என்பது வேறு விஷயம்!) அதே கேள்வியை எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தியிடம் கேளுங்கள். "ஆறு மாதம்" என்று கூசாமல் பதில் சொல்வாள்.

"ஆறு மாதமா!" என்று நீங்கள் மூக்கின் மேல் விரலை வைப்பது தெரிகிறது. மதுரையில் ஒரு கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் பாடம் நடத்துகிறவள் நான். அப்படி விரல் வைத்த பெற்றோர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிப் போனவள். "பெண்ணைப் படிக்க அனுப்பினால் கந்தல் துணியையும் கலர் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே!" என்று வந்து முறையிடாத தாயார் இல்லை. அவர்களுக்குச் சொல்லும் சமாதானத்தைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவியும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதைத் துருவி ஆராய்ந்து, வரைந்து, துணியில் சோதனை செய்து, முடிவில் உடுத்தக்கூடிய ஓர் ஆடையாக்கிக் காட்ட வேண்டும். முதல் இரண்டு மாதம் ஊசியைத் தொடவே கூடாது. நோட்டுப் புத்தகம்தான். எதைப் பார்த்தாள், யாரைக் கேட்டாள், எது சரிப்படவில்லை, ஏன் சரிப்படவில்லை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆடைக்கு எவ்வளவு மதிப்பெண்ணோ, அதற்குக் குறையாமல் நோட்டுப் புத்தகத்துக்கும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் ஜப்பானைப் பற்றிய நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். துணியை முடிந்து சாயம் தோய்க்கும் கலைக்கு அந்த ஊரில் ஷிபோரி என்று பெயர். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த படங்களை அழகாக ஒட்டியிருந்தாள். அதில் ஒரு வகை, மான்குட்டியின் மேல் புள்ளி தெறித்தாற்போல் துணி முழுவதும் சின்னச் சின்ன வட்டங்கள்.

"ஏனம்மா, இந்த வட்டத்தைப் பார்க்க ஜப்பானுக்கா போக வேண்டும்? உங்கள் வீடு எங்கே?" என்றேன்.

திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்துத் தெரு என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்துப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஊர் ஊராகத் தங்கி, மதுரைக்கு வந்து சேர்ந்த சௌராஷ்டிர மக்கள் வாழும் தெருக்கள் அவை. அவர்கள் கைவண்ணம்தான் மதுரைச் சுங்கிடி. 2005-ஆம் வருஷம் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் பாட்டி, அம்மாவைப் பெற்றவர், சின்ன வயதிலிருந்து சுங்கிடி முடிச்சுப் போட்டவர். அதை ஒரு பெருமையாக வெளியில் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

ஜப்பான் நோட்டு மூலைக்குப் போயிற்று. புது நோட்டில் முதல் பக்கம், பாட்டியின் விரல்கள்.

ஆனால் மறு வாரமே அம்மா என்னைத் தேடி வந்துவிட்டார். "டீச்சர், நானும் கல்யாணம் ஆகிற வரைக்கும் முடிச்சுப் போட்டவதான். கழுத்து வலியும் கண் எரிச்சலும் எனக்குத் தெரியும். என் பொண்ணு இதைத் தொடக் கூடாதுன்னுதான் படிக்க வச்சேன். நீங்க திரும்ப அதையே கையில கொடுக்கிறீங்களே!" என்றார்.

கோபத்தில் நியாயம் இருந்தது. "முடிச்சுப் போடுகிறவளாக ஆக்குவதற்கு இல்லை அம்மா. அதன் கணக்கைத் தெரிந்துகொள்வதற்குத்தான்" என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. "பரீட்சை முடியற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிச்சு போடுவது பார்வைக்குச் சுலபம். துணியில் ஒரு துளியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். சுற்றின இடத்தில் சாயம் ஏறாது. நுனியில் மட்டும் கொஞ்சம் ஏறும். அதனால்தான் வெள்ளை வட்டத்தின் நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரு நிறம் தெரிகிறது. பேத்தி ஒரு முடிச்சுப் போடுவதற்குள் பாட்டி மூன்று போட்டார், அதுவும் பாதி நேரம் துணியைப் பார்க்காமலே.

அடுத்துத்தான் அசல் சிக்கல் வந்தது. சுங்கிடி சேலைக்கென்று பிறந்தது; சேலையை யாரும் வெட்டுவதில்லை. இவளோ குர்த்தா தைக்கப் போகிறாள். புள்ளி போட்ட துணியை வாங்கி வெட்டினால், தோளில் பாதி வட்டம், அக்குளில் கால் வட்டம் என்று தையலில் எல்லாம் அறுபட்டுப் போகும். ஆகவே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது. முதலில் காடாத் துணியில் ஒரு வெள்ளோட்டக் குர்த்தா. அதை உடுத்திப் பார்த்து, இழுத்த இடத்தைப் பிரித்து, தொங்கின இடத்தைப் பிடித்து, அளவு சரியான பிறகு காகிதத்தில் வெட்டு. அந்தக் காகிதத்தை நல்ல துணியின் மேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குள் மட்டும் புள்ளிகள். தோளில் நெருக்கமாக ஆரம்பித்து, கீழே வர வர மழை ஓய்ந்தாற்போல் கலைந்து போகும்படி வரைந்தாள். வெட்டுவதும் தைப்பதும் சாயம் எல்லாம் முடிந்த பிறகுதான்.

பருத்தி நனைந்தால் சுருங்கும் அல்லவா? 50 சென்டிமீட்டர் துண்டு ஒன்றைக் கஞ்சி போகத் துவைத்து உலர்த்தினாள். 48 ஆகிவிட்டது! காகிதத்தை வைப்பதற்கு முன்பே முழுத் துணியையும் துவைத்துச் சுருக்கிவிட்டாள். சாயத்தையும் சின்னத் துண்டுகளில் பார்த்தாள். ஒரு துண்டில் பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் மொட்டை மாடி வெயிலில் வைத்தாள். மஞ்சள்கிழங்குச் சாயம் வெயில் பட்ட பாதியில் வெளுத்துவிட்டது. உப்பும் சோடாவும் சேர்த்துத் தோய்த்த கடைச் சாயம் நின்றது. எல்லாம் நோட்டில் ஏறிற்று.

வெளிர் நிறம் முதலில், அழுத்த நிறம் பிறகு. இதுதான் முறை. வெள்ளையாக நிற்க வேண்டியதை முடிந்து மஞ்சளில் முக்க வேண்டும். மஞ்சளாக நிற்க வேண்டியதையும் முடிந்து சிவப்பில் முக்க வேண்டும். மொத்தம் 3000 முடிச்சு. நிமிடத்துக்கு ஒன்று என்றால் 50 மணி நேரம்!

மஞ்சள் முடிந்தது. சிவப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது பாட்டிக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். ஐந்நூறு முடிச்சுக்கு மேல் பாக்கி. பெண் என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், மீதியை அச்சில் போட்டுவிடட்டுமா? தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது."

"போடலாம். ஆனால் அதையும் நோட்டில் எழுதிவிட வேண்டும்" என்றேன்.

மறுநாள் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், துணியின் மறு ஓரத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாராம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் விரல் மறக்கவில்லை.

சிவப்பு உலர்ந்ததும் மூன்று பேரும் துணியின் இரு ஓரத்தையும் பிடித்து இழுத்தார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழ்ந்தன.

இனிமேல்தான் அவள் என்னை அசத்தினாள். பரீட்சைக்கு விலைப் பட்டியல் கொடுக்க வேண்டும். துணி, சாயம், நூல், தையல் கூலி எல்லாம் எழுதினாள். முடிச்சுக் கூலிக்கு என்ன எழுதுவது? மணிக் கணக்கில் போட்டால் வேகமாக முடித்த பாட்டிக்குக் குறைவு, தடுமாறின பேத்திக்கு அதிகம்! நாற்பது வருஷத் தேர்ச்சிக்கு அதுவா பரிசு? பாட்டியையே கேட்டாள். "சேலைக்கு இவ்வளவுன்னு கொடுப்பாங்க. முடிச்சை யார் எண்ணினா?" என்றார் அவர்.

பேத்தி எண்ணினாள். தையற்காரரின் ஒரு மணிக் கூலியை அடிப்படையாக வைத்து, முடிச்சுக்கு இன்ன விலை என்று தீர்த்து, மூன்று பெயருக்கும் தனித் தனியாக எழுதினாள். மற்றச் செலவு அத்தனையும் சேர்ந்தாலும் அந்த ஒரு வரியை எட்டவில்லை.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "இந்த விலைக்கு யாரம்மா வாங்குவார்கள்?" என்று கேட்டார்.

"வாங்குவார்களா என்பது அடுத்த கேள்வி, சார். செய்ய இவ்வளவு ஆகிறது என்பதுதான் என் கணக்கு" என்றாள்.

அவளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. கண்காட்சிக்கு வந்த அம்மா குர்த்தாவைச் சற்றுப் பார்த்தார். விலைப் பட்டியலைத்தான் வெகு நேரம் படித்துக்கொண்டு நின்றார். தம் பெயருக்கு நேரே இருந்த தொகையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்களும் சுங்கிடி வாங்கப் போவீர்கள். இப்போது அந்தப் பெயரில் விற்பவற்றில் மெழுகு அச்சும் திரை அச்சும் நிறைய. அவற்றிலும் உழைப்பு உண்டு, விலையும் குறைவு. தாராளமாக வாங்கிக் கட்டுங்கள். ஆனால் கைமுடிச்சு என்று கடைக்காரர் சொன்னால் துணியை விரித்துப் பாருங்கள். இரண்டு வட்டம் ஒன்று போல் இருக்காது. தடவினால் ஒவ்வொரு புள்ளியிலும் சின்னச் சுருக்கம் விரலில் தட்டும். அது இருந்தால், பேரம் பேசுவதற்கு முன் ஒரு சாணில் எத்தனை புள்ளி என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் இஷ்டம்.

உங்கள் வீட்டுப் பெண் கலர் பென்சிலும் கந்தல் துணியுமாக உட்கார்ந்திருந்தால், அந்த நோட்டுப் புத்தகத்தையும் ஒரு தடவை வாங்கிப் புரட்டுங்கள். அதில் உங்கள் கையும் வரைந்திருக்கலாம்.